வேலையை விட்டுவிட்டு முழுநேர கேம் ஸ்ட்ரீமர் ஆகலாமா? திருமங்கலம் தம்பிக்கு ஒரு பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26. மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் எட்டு மாதமாக வேலை. கையில் 24,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்குப் போய் இரவு 9 மணியிலிருந்து 1 மணி வரை யூடியூபில் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பாக வந்த போன் கேம்) லைவ் போடுகிறார். 11,400 சப்ஸ்கிரைபர்கள், லைவில் சராசரியாக 90 பேர், மூன்று மாதமாக மாதம் 9,000 ரூபாய் அளவுக்கு வருமானம். "பகலையும் சேர்த்து இதற்கே கொடுத்தால் மூன்று மடங்கு வருமே, வேலையை விட்டுவிடலாமா அண்ணே? அப்பாவுக்குச் சுகர், தங்கச்சி காலேஜ் படிக்கிறாள், வீட்டுக்கு மாதம் 12,000 கொடுக்கிறேன்" என்பது அவர் கேள்வி.

தம்பி, இப்போது விடாதீர்கள். எப்போதுமே விடக்கூடாது என்று சொல்லவில்லை. நானே 2022 மார்ச்சில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன்தான். இன்றைக்கும் விளாங்குடியில் என் வீட்டு அடுப்பு இந்த லைவில்தான் எரிகிறது. ஆனால் விடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். அந்த 90 பேர் உங்களுக்காக வருகிறார்களா, பிஜிஎம்ஐக்காக வருகிறார்களா? எனக்கு அந்தக் கேள்வியே தெரியாமல் இருந்தது. வேலையை விட்டு நாலு மாதத்தில் அது தானாக வந்து நின்றது.

2022 ஜூலை 28, வியாழக்கிழமை. ஆடி அமாவாசை என்பதால் காலையிலேயே அப்பாவுடன் போய் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து தூங்கிவிட்டேன். ராத்திரி லைவ் போட்டு இரண்டாவது மேட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. சாட்டில் ஒரு பையன், "ப்ரோ, பிளே ஸ்டோர்ல கேம் காணோம்" என்று எழுதினான். நான் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஐந்து நிமிஷத்தில் முப்பது பேர் அதையே எழுதுகிறார்கள். போனை எடுத்துத் தேடிப் பார்த்தால் உண்மையிலேயே இல்லை. அரசு உத்தரவில் கூகுளும் ஆப்பிளும் பிஜிஎம்ஐயை எடுத்துவிட்டார்கள். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜி மொபைலைத் தடை செய்தபோதும் நான் லைவில்தான் இருந்தேன். ஆனால் அப்போது மாசச் சம்பளம் இருந்தது, வருத்தத்தோடு நின்றது. இந்த முறை சம்பளம் இல்லை.

போனில் ஏற்கெனவே கேம் வைத்திருந்தவர்களால் கொஞ்ச நாள் விளையாட முடிந்தது. புது அப்டேட் இல்லை, புதிதாக யாரும் வர வழியில்லை. என் லைவில் 400 பேர் இருந்த இடம் ஆகஸ்ட் முடிவதற்குள் 80 ஆனது. 2023 மே மாதம்தான் கேம் திரும்பி வந்தது. நடுவில் பத்து மாதம். மனைவியின் வளையல் இரண்டு அடகுக்குப் போயிற்று. அது திரும்பி வர 2024 ஆகிவிட்டது.

அந்த 80 பேரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் வேறு வழியில்லாமல் ஜிடிஏ ரோல்பிளேயில், அதாவது ஆளுக்கொரு வேஷம் போட்டு நடித்து ஆடும் கம்ப்யூட்டர் கேமில், ஒரு மதுரைக்காரக் கதாபாத்திரத்தை வைத்து ஆட ஆரம்பித்தேன். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த கேம் என்னவென்றே தெரியாது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, விளையாடவும் போவதில்லை. இருந்தாலும் தினமும் வந்தார்கள். செல்லூரில் கைத்தறி போட்டிருந்த ஒரு அண்ணன் தறி முன்னால் போனை நிறுத்திவைத்துக் கேட்டுக்கொண்டே நெய்வார். குவைத்தில் லாரி ஓட்டும் உசிலம்பட்டிக்காரர், நம்ம ஊர்ப் பேச்சு காதில் விழ வேண்டும் என்பதற்காகவே வருவார். என் சேனலின் அஸ்திவாரம் அவர்கள்தான். மீதி 320 பேர் கேமுக்கு வந்தவர்கள், கேம் போனதும் போய்விட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களை நம்பி வேலையை விட்டது என் தப்பு.

இதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்குத் தடை உத்தரவு தேவையில்லை. வாரத்தில் செவ்வாய், வியாழன் இரண்டு நாள் பிஜிஎம்ஐயைத் தொடாதீர்கள். வேறு எதையாவது ஆடுங்கள். கதை கேம், கிரிக்கெட், மைன்கிராஃப்ட், எதுவானாலும் சரி. முதல் மூன்று வாரம் 90 என்பது 20 ஆகும். பயந்துவிடாதீர்கள். மூன்றாவது மாதம் அந்த நாட்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் உங்கள் உண்மையான எண்ணிக்கை. 11,400 என்ற எண்ணை வைத்து மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியாது.

பகலும் சேர்ந்தால் மூன்று மடங்கு வரும் என்பதும் நடக்காது. உங்கள் பார்வையாளர்கள் பகலில் பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் இருக்கிறார்கள். காலை 11 மணிக்கு லைவ் போட்டால் பதினைந்து பேர் வருவார்கள், அதுவும் லீவு நாளில். ராத்திரி 9 முதல் 1 வரைதான் இந்தத் தொழிலின் கல்லாப்பெட்டி நேரம். அதை நீங்கள் இப்போதே வேலையோடு சேர்த்துப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வேலையை விட்டால் கிடைக்கும் பகல், லைவுக்கு உதவாது. நேற்றைய நான்கு மணி நேரத்திலிருந்து நாலு நல்ல ஷார்ட்ஸ் வெட்டி எடுக்க, பத்து நிமிஷ வீடியோ ஒன்று எடிட் பண்ண, ஒழுங்காகத் தூங்க உதவும். அந்தப் பகல் வேலையில் உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாடுவது பிடித்திருந்து எடிட்டிங் பிடிக்கவில்லை என்றால், முழுநேரம் என்பது மூன்றே மாதத்தில் கசந்துவிடும்.

சரி, அந்த 9,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். யூடியூபின் விளம்பரப் பணத்தில் நீளமான வீடியோவுக்கும் லைவுக்கும் உங்கள் பங்கு 55 சதவீதம், ஷார்ட்ஸுக்கு 45. லைவில் பார்க்கிறவர்கள் பணம் கட்டி அனுப்பும் சூப்பர் சாட், மாதச் சந்தாவான மெம்பர்ஷிப் இரண்டிலும் வரி போக மீதியில் 70 சதவீதம் உங்களுக்கு. தமிழில் கேம் வீடியோவுக்கு விளம்பர விலை குறைவு. அதே வியூஸ் ஒரு வங்கி, முதலீடு பற்றிய சேனலுக்கு வந்தால் பல மடங்கு கிடைக்கும். அதனால் நம் மாதிரி சேனல்கள் பார்க்கிறவர்கள் மனமுவந்து தரும் பணத்தில்தான் ஓடுகின்றன. இப்போது யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, மூன்று மாதத்தில் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் அப்படி எழுதிப் பார்த்தபோது துபாயில் இருக்கும் ஒரே ஒரு அண்ணன் பாதிப் பணம் கொடுத்திருந்தது தெரிந்தது. அவருக்கு வேலை மாறிய மாதம் அது நின்றுபோனது. அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் கொடுத்ததே பெரிய விஷயம். ஒருவர் இருவர் கையில் உங்கள் வருமானம் இருந்தால் அதைச் சம்பளமாகக் கணக்கு வைக்காதீர்கள். நூறு பேர் ஆளுக்கு 59 ரூபாய் மெம்பர்ஷிப் போட்டிருந்தால் அதைச் சம்பளம் என்று சொல்லலாம்.

யுபிஐ க்யூஆர் போட்டு வாங்குகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. சம்பளம் வரும் அக்கவுண்டின் க்யூஆரைத் திரையில் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த மேலூர்ப் பையன் ஒருவனுக்கு யாரோ 2,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். அது வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றி எடுத்த பணம். அந்த வழக்கில் பணம் போன பாதையைப் பிடித்துக்கொண்டு வந்து இவன் அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள். வண்டி இஎம்ஐ, வாடகை எல்லாம் அதே அக்கவுண்டில். வங்கிக்கும் சைபர் கிரைமுக்கும் இரண்டு மாதம் நடந்தான். லைவ் பணத்துக்குத் தனி அக்கவுண்ட், தனி மொபைல் நம்பர். வாரம் ஒருமுறை வழித்து எடுத்து வேறு அக்கவுண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொரு பணம் உங்கள் இன்பாக்ஸில் வந்து நிற்கும். ரம்மி, கலர் கணிப்பு, பந்தயம் மாதிரி செயலிகளை லைவில் காட்டினால் மாதம் 20,000, 30,000 தருகிறோம் என்பார்கள். தொடவே தொடாதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அதில் விளம்பரம் செய்கிறவருக்கே 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தமிழ்நாட்டில் 2023-லிருந்தே தனிச் சட்டமும் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும். உங்கள் லைவ் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பிளஸ் டூ பையன்கள். அப்பா போனில் இருக்கும் பணத்தை எடுத்து உங்கள் வார்த்தையை நம்பிப் போடுவார்கள். அதே மத்தியச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேமை, தனியாக அங்கீகரித்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது "சூதாட்டம் ஆடிப் பிழைக்கிறான்" என்றால் நாம் செய்வது அது இல்லை என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

பேச்சும் அப்படித்தான். 2021 ஜூனில் பப்ஜி லைவில் ஆபாசமாகப் பேசிய ஒரு யூடியூபரைத் தர்மபுரியில் கைது செய்தார்கள். கெட்ட வார்த்தைக்குச் சாட் துள்ளும், வியூஸ் ஏறும். அந்தக் கூட்டம் வேண்டாம். தங்கச்சி ஹாலில் உட்கார்ந்து உங்கள் லைவைச் சத்தமாக வைத்துப் பார்க்க முடிய வேண்டும், அதுதான் அளவு.

அப்புறம், அறை. இதை யாரும் யோசிப்பதில்லை. நம் ஊரில் தனி அறை, மூடிய கதவு, மே மாத வெயில், இந்த மூன்றும் ஒத்துப்போகாது. மின்விசிறியைப் போட்டால் மைக்கில் இரைச்சல், நிறுத்தினால் வேர்வை கண்ணில் இறங்கும். நான் முதலில் வாங்கிய கண்டென்சர் மைக் விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெருநாய் எல்லாவற்றையும் பிடித்தது. வாய்க்கு நாலு விரல் பக்கத்தில் வைத்துப் பேசும் டைனமிக் மைக்குக்கு மாறிய பிறகுதான் நிம்மதி. லைவ் போடும் மென்பொருளான ஓபிஎஸ்ஸிலேயே இரைச்சலைக் குறைக்கும் ஃபில்டர் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

ஆடி மாதம் வந்தால் அதுவும் போதாது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு அம்மன் கோயில். கூழ் ஊற்றும் வாரம் குழாய் ஸ்பீக்கர் என் ஜன்னலைப் பார்த்தே கட்டியிருப்பார்கள். சத்தம்கூடப் பரவாயில்லை. அதில் ஓடும் பாட்டு மைக் வழியாக லைவுக்குள் வந்துவிடும். யூடியூப் அதைக் கண்டுபிடித்து, பாட்டுக்கு உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் கிளெய்ம் வந்து, அந்த நாலு மணி நேர வீடியோவின் விளம்பரப் பணம் அவர்களுக்குப் போய்விடும். சில நேரம் லைவையே நிறுத்திவைத்து ஒரு படத்தைப் போட்டுவிடும். முதல் வருஷம் எனக்கு அப்படி மூன்று லைவ் போனது. இப்போது திருவிழாத் தேதியை முன்கூட்டியே கமிட்டி அண்ணனிடம் கேட்டு, அந்த வாரம் லைவைக் குறைத்துக்கொண்டு எடிட் செய்த வீடியோக்களைப் போடுகிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் இரவு லைவே கிடையாது. நானும் ஆற்றில்தான் இருப்பேன்.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடுங்கள். கேமும் லைவும் ஓடும் கம்ப்யூட்டர் திரையோடு சேர்த்து 350 வாட் என்று வையுங்கள். முழுநேரம் ஆகி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 2.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 168. சூடு தாங்காமல் ஒரு டன் ஏசி வைத்தால் மணிக்கு ஒரு யூனிட் அளவுக்கு இழுக்கும், அது 480. வீட்டுச் செலவைச் சேர்க்காமலேயே 648 யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழ்ப் படியில் கிடைத்த குறைந்த விலையும் சேர்ந்து போய்விடும். எனக்கு முதல் பில் வந்த அன்று அப்பா அந்தச் சீட்டைப் பேசாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கரண்ட் பில் என் பொறுப்பு. நீங்கள் வேலையை விடுவதற்கு முன்பே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் பேச்சே மாறும்.

நெட்டுக்கு அப்லோடு வேகத்தைப் பாருங்கள், டவுன்லோடை இல்லை. 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம் லைவுக்கு 10 முதல் 12 எம்பிபிஎஸ் தொடர்ந்து போக வேண்டும் என்றால் கையில் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் போனில் என்பதால் 720பி-யே போதும். தெளிவு குறைந்தால் யாரும் போவதில்லை, சுற்றிக்கொண்டே நின்றால் போய்விடுவார்கள். ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் யுபிஎஸ் கட்டாயம்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுநேரம் ஆன இரண்டாம் வருஷம் கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தல். அண்ணா நகர் அரவிந்த் ஆஸ்பத்திரியில் காட்டினேன். திரையைப் பார்க்கும்போது இமைப்பதே குறைந்துவிடுகிறது, கண் வறண்டுபோகிறது என்றார் டாக்டர். இப்போது ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் எழுந்து மாடிக்குப் போய்த் தூரத்தில் பார்த்துவிட்டு வருகிறேன். சாட் காத்திருக்கும், யாரும் ஓடிப்போவதில்லை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது. இன்றைக்கு விட்டால் எதையெல்லாம் இழக்கிறீர்கள்? உங்களுக்கு மூன்று வருஷம் எட்டு மாதம். நிரந்தர வேலையில் ஐந்து வருஷம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பிஎஃப் பணத்தை எடுத்தால் வரியும் உண்டு. எடுக்காமல் விட்டுவைத்தால் பின்னால் வேறு வேலைக்குப் போனாலும் அதே யுஏஎன் எண்ணில் (உங்கள் பிஎஃப்புக்கான நிரந்தர எண்) சேர்த்துக்கொள்ளலாம். கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் அப்பாவும் இருக்கிறார் என்றால், நீங்கள் வெளியே வந்த அன்றே அது முடிந்துவிடும். புதுப் பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது, சுகர் மாதிரி ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அதனால் அப்பா அம்மா பெயரில் ஒரு தனிப் பாலிசியைச் சம்பளம் வரும்போதே, இந்த மாதமே எடுத்துவிடுங்கள். காத்திருக்கும் காலம் இப்போதிருந்தே ஓட ஆரம்பிக்கும். மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வரியைப் பொறுத்தவரை, யூடியூப் பணம் சம்பளம் இல்லை, தொழில் வருமானம். அதற்குரிய படிவத்தில் வருஷா வருஷம் ரிட்டர்ன் போடுங்கள், வரி வராவிட்டாலும் போடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கிக் கடன் வேண்டுமென்றால் அந்த இரண்டு மூன்று வருஷ ரிட்டர்னைத்தான் கேட்பார்கள். யூடியூப் பணம் வரும் கூகுள் கணக்கான ஆட்சென்ஸில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பி, இந்தியாவோடு உள்ள ஒப்பந்தத்தைக் காட்டினால் அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வந்த பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். பத்து நிமிஷ வேலை. உங்கள் நியமனக் கடிதத்தையும் எடுத்து, வெளியில் சம்பாதிக்கக் கூடாது என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேலாளரிடம் நீங்களே போய்ச் சொல்வது, அவர் ஷார்ட்ஸில் உங்களைப் பார்ப்பதைவிட நல்லது.

எப்போது விடலாம் என்பதற்கு நான் சொல்லும் அளவு இது. வீட்டுக்குக் கொடுக்கும் 12,000, உங்கள் செலவு, கரண்ட், நெட், பாலிசி, கருவி ரிப்பேருக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்தால் உங்களுக்கு மாதம் 30,000 வேண்டும். 24,000 சம்பளத்துக்கு ஈடு 24,000 இல்லை. அந்த 30,000 ஒரு நல்ல மாதத்தில் வந்தால் போதாது; வருஷம் முழுவதும் சராசரியாக வர வேண்டும். அதில் பிஜிஎம்ஐ இல்லாத நாட்களின் பங்கு பாதியாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் பத்து மாதச் செலவுப் பணம் தனியாக வங்கியில் கிடக்க வேண்டும். பத்து மாதம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பிஜிஎம்ஐ காணாமல் போயிருந்தது அத்தனை மாதம்தான். தங்கச்சி படிப்பு முடிய இன்னும் எத்தனை வருஷம் என்று நீங்கள் சொல்லவில்லை. அதையும் கணக்கில் வையுங்கள். நோட்டீஸ் காலத்தை முழுசாக வேலை பார்த்து, ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ் இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டு, மேலாளரிடம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த பத்து மாதத்தில் நான் பழைய ஆபீஸுக்குப் போன் பண்ணியபோது, மாதக் கடைசியில் மட்டும் வந்து கணக்கு முடித்துக் கொடு என்று வேலை தந்தார்கள். நல்லபடியாக வெளியே வந்ததால்தான் அது கிடைத்தது.

இதற்கிடையில் ஒரு வழி இருக்கிறது. காலை ஷிஃப்ட் கேட்டுப் பாருங்கள். 6 மணிக்குப் போய் 3 மணிக்கு வந்தால், 4 முதல் 7 வரை தூங்கிவிட்டு 9 மணிக்குத் தெளிவாக உட்காரலாம். லைவை 12 மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் 1 மணிக்கு மேல் படுத்துக் காலையில் திருமங்கலத்திலிருந்து பைக்கில் இலந்தைக்குளம் வரை ரிங் ரோட்டில் வருகிறீர்கள். தூக்கக் கண்ணோடு அந்த லாரிகளுக்கு நடுவில் வண்டி ஓட்டுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஷிஃப்ட் மாறும் வரை பஸ்ஸில் போங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை முதல் ஆரம்பியுங்கள். ஒரு நோட்டில் தேதி, கேம், எத்தனை பேர், எவ்வளவு பணம், நாலே வரி. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாங்குடிக்கு வாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் அவரிடம் பேசுகிறேன்.